ஜெசிந்தா மண்

நாங்கள் அரசு மண்ணைத் திருடி வைத்திருப்பதாக யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். மண் அலுவலர் எங்கள் பதினாலாம் மாடிக்கு வந்தபோது, என் மனைவி ஜெசிந்தா பால்கனியில் மூன்று டிரம்களில் திராட்சைக் குச்சிகளை நட்டுக்கொண்டிருந்தாள்.

“எந்த ஊர்ல அள்ளுனீங்கம்மா?”

“அள்ளல சார், செஞ்சேன். ஏழு வருஷமாச்சு. செங்கல் தூளு, முட்டை ஓடு, டீத்தூள் சக்கை, இவரு தலைமுடி.”

அலுவலர் என் வழுக்கையை ஒருமுறை பார்த்தார். சிரிக்கவில்லை. ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துக் கருவியில் போட்டார். நாட்டில் எந்த மண்ணைப் போட்டாலும் ஊர்ப்பெயர் சொல்லிவிடும் கருவி அது. மூன்று முறை போட்டும் அது வாய் திறக்கவில்லை.

அவர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். மீதிக் குச்சிகளை ஒவ்வொன்றாக அவளிடம் எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த வாரம் அரசின் மண் பட்டியலில், கரிசல், செம்மண், வண்டலுக்குக் கீழே புதிதாக ஒரு வரி வந்தது: ‘ஜெசிந்தா மண்.’

அவள் அதை நான்கு முறை வாய்விட்டுப் படித்தாள். பிறகு முகத்தைச் சுளித்தாள்.

“இனிஷியல விட்டுட்டாங்க பாருங்க. உங்க முடியும் அதுல இருக்குல்ல?”