எட்டாம் நம்பர் வீட்டுத் தண்ணீர்

“கழுத்து வரைக்குமா? புளுகுக்கும் ஒரு அளவு வேண்டாமா!” வெள்ளத் தடுப்புத் துறை இன்ஜினியர் படிவத்தை விரலால் சுண்டினார். “அளக்க வந்தது நாம. அளந்து விடறது அவங்க!”

ஆலோசனைக் கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண்ணுக்குத் தலை சுற்றியது.

காலையிலிருந்து வீடு வீடாக ஏறி ஒரே கேள்விதான் கேட்டாள். போன வெள்ளத்தில் உங்களுக்குத் தண்ணீர் எதுவரை வந்தது? கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து. ஏதாவது ஒன்றில் டிக். இடுப்பளவோ அதற்கு மேலோ வந்த வீட்டுக்கு, அடுத்த முறை எச்சரிக்கை வந்ததுமே முதல் படகு. மற்றவர்கள் தாங்களாகவே மேட்டுக்கு நடந்து போய்க்கொள்ள வேண்டியதுதான்.

ஏழாம் நம்பர், முழங்கால். ஒன்பதாம் நம்பர், முழங்கால். நடுவில் எட்டாம் நம்பர் மட்டும் கழுத்து!

“உள்ளே தரை பள்ளமா இருக்குமோ, சார்?”

“சுவரோட சுவர் ஒட்டின வீடும்மா. மூணும் ஒரே மட்டம். நீங்கதானே அளந்தீங்க?”

அளந்தாள்தான். சந்தேகத்துக்கு மறுபடியும் மட்டக் கருவியை வைத்துப் பார்த்தாள். ஒரு விரற்கடை வித்தியாசம்கூட இல்லை. வெளிச்சுவரில் சேறு படிந்த கோடு மூன்று வீட்டுக்கும் ஒரே நேராக, முழங்கால் உயரத்தில் ஓடியது. தண்ணீர் என்ன, எட்டாம் நம்பருக்குள் மட்டும் எம்பிக் குதித்ததா?

“படகுல முதல் ஆளா ஏறப் பாக்கறாங்க, வேறென்ன? காலைலயே எனக்குப் புரிஞ்சு போச்சு. வாசல்ல ரெண்டு பேர் வெயில்ல நிக்கறோம். எழுந்து வரக்கூட மனசில்லை. உள்ளேயிருந்தே மகாராணி மாதிரி ‘கழுத்து வரைக்கும்’னு ஒரு குரல்! அதை அடிச்சுட்டு முழங்கால்னு போடுங்க. சாயங்காலம் அறிக்கை போயாகணும்.”

பேனாவைத் திறந்தாள். மனசு ஒப்பவில்லை. பொய் சொல்கிறவர்கள் நம்புகிற மாதிரி இடுப்பு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சுவரே காட்டிக் கொடுக்கும்போது யாராவது கழுத்து என்பார்களா?

ஏழாம் நம்பர்க்காரர் பஸ் டிரைவர். வாசலில் காக்கிச் சட்டையை உலர்த்திக்கொண்டிருந்தார். அவரிடமே போனாள்.

“அண்ணே, நீங்க முழங்கால்னுதானே சொன்னீங்க?”

“ஆமாம்மா. முழங்கால்தான்.”

“பக்கத்து வீட்டு அக்கா கழுத்துங்கறாங்களே?”

“அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.” சட்டையை ஒரு உதறு உதறினார்.

“அப்ப நீங்க சொன்னது?”

“அதுவும் சரிதான்.”

இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார். “தெருவே சேர்ந்து நம்மளைக் கிறுக்காக்குதும்மா!”

அவளுக்கும் கிறுக்குப் பிடித்துவிடும் போலத்தான் இருந்தது. அடிப்பதா, விடுவதா? தப்பாக அடித்துவிட்டால் ஒரு வீட்டுக்குப் படகு வராது. அதை நினைக்கவே பயமாக இருந்தது. விறுவிறுவென்று போய் எட்டாம் நம்பர் கதவைத் தட்டினாள்.

“திறந்துதான் இருக்கு. வாங்க.” அதே மகாராணிக் குரல்.

“நீங்க இருங்க, நான் கேக்கற விதத்துல கேக்கறேன்” என்று இன்ஜினியர் முந்திக்கொண்டு கதவைத் தள்ளினார்.

தள்ளியவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் தோளுக்கு மேலாக அவள் எட்டிப் பார்த்தாள்.

ஜன்னலோரம் ஒரு தாழ்வான கட்டில். அதில் ஒரு பெண்மணி, கழுத்துக்குக் கீழே எந்த அசைவும் இல்லாமல் படுத்திருந்தாள். முகம் மட்டும் இவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தது. கட்டிலை ஒட்டிய சுவரிலும் அதே சேற்றுக் கோடு. தலையணைக்கு நாலு விரற்கடை மேலே.

“உக்காருங்க. மக வேலைக்குப் போயிருக்கா. காலைல வாசலோடயே போயிட்டீங்களே?”

இன்ஜினியர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். “இல்லைங்க... பக்கத்து வீட்டு டிரைவர் முழங்கால்னு சொன்னார். அதான் கொஞ்சம் குழப்பம்...”

“அவருக்கு முழங்கால்தாங்க. ஒத்தை ஆளா என்னைத் தூக்க முடியாம, தண்ணி வடியற வரைக்கும் என் தலையைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னவராச்சே!”