பதினோரு முதுகுகள்

பதினோராவது முதுகிலும் மச்சம் இல்லை.

ஒனோரின் கவுனோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, அந்த முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினாள். குளிக்க வரும் பெண்களுக்கெல்லாம் தன் கடையில் வெள்ளை ஒயின் இலவசம் என்று அறிவித்திருந்தாள். துறையில் துணி வெளுக்கும் பெண்கள் அத்தனை பேரும் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு சேன் ஆற்றில் குதித்துவிட்டார்கள்.

எல்லாம் அந்தப் படத்தால் வந்தது. கோடை முழுக்கக் கரையில் குடை நட்டு வரைந்துகொண்டிருந்த பாரிஸ்காரனிடம், அவள் புருஷன் கஸ்பார் ஒரு பீப்பாய் ஒயினைக் கொடுத்து வாங்கிய படம். ஆற்றோரம் ஒரு சாய்ந்த மரத்தடியில் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு குளிக்கிறாள்.

புதுப் பாணியாம். முடி ஊதா, தண்ணீர் ஆரஞ்சு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தீற்றல். பெற்ற தாயாலும் அடையாளம் சொல்ல முடியாது. ஆனால் இடது தோளுக்குக் கீழே மச்சம் மட்டும் பளிச்சென்று இருந்தது. கஸ்பார் தினமும் அதன் எதிரே நின்று இளித்தான்.

மூன்று நாளாக ஒனோரின் அவனோடு பேசவில்லை. காலையில் கவுனின் பின்பக்கக் கொக்கிகளைப் போட்டுவிட அவன் வந்தபோதும், பேசாமல் திரும்பி நின்றாள். பிறகு அவன் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு ஆற்றுக்கு வந்துவிட்டாள்.

“அக்கா, என் முதுக இன்னொரு தடவ பாருங்க. இப்ப முளைச்சிருந்தாலும் முளைச்சிருக்கும்!” மெலானி காலிக் கோப்பையை நீட்டினாள்.

“உனக்கு வாய்தான்டி முளைக்கும்.”

ஊரில் பாக்கி இருப்பது பாதிரியாரின் சமையல்காரி மட்டும். அவளுக்கு எழுபது வயது.

ஒனோரின் சொட்டச் சொட்டக் கடைக்குள் நுழைந்தாள். கஸ்பார் மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“யாருய்யா அவ? சொல்லு. இல்லேன்னா பெட்டியத் தூக்கிட்டு நடையக் கட்டு.”

“நானும் மூணு நாளா சொல்ல வர்றேன், நீ எங்க விட்ட...”

“நம்ம சமையக்கட்டுக்குப் பின்னாடி, அந்தச் சாஞ்ச மரத்தடியிலேயே குளிச்சிருக்கா! எவ்வளவு தைரியம்!”

“கடை லீவு அன்னிக்கு, விடியக்காலம். அந்தப் பய புதருக்குப் பின்னாடி ஒக்காந்திருக்கான். அவ கவனிக்கல. படம் வேற எவன் கைக்கும் போயிடக் கூடாதேன்னு பீப்பாயத் தூக்கிக் குடுத்துட்டேன்.”

“அவ மேல அவ்வளவு ஆசையா?”

“இருபது வருசமா.”

ஒனோரின் மீன் பொரிக்கும் சட்டியைத் தூக்கினாள். கஸ்பார் மேசையைச் சுற்றி ஓடினான். சிரிப்பில் அவனுக்கு மூச்சே வரவில்லை.

“ஊர் முதுகையெல்லாம் பாத்தியே, உன் முதுக என்னிக்காவது பாத்திருக்கியாடி?”