நாலு பக்கத்துக்குக் காரணம்

பிரிண்ட் எடுத்தால் எல்லார் முன்னாலும் காரணத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மேனேஜரம்மா போன வாரம் போட்ட சட்டம். பேப்பர் செலவு பாதியாகக் குறைந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று மாட்டியவர் சீனியர் கிளார்க்.

“நாலு பக்கம்! எதுக்கு சார்?”

“ஒரு விண்ணப்பம் மேடம்.”

“என்ன விண்ணப்பம்? சத்தமா சொல்லுங்க.”

அவர் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“ரெண்டாவது கல்யாணத்துக்கு மனு போடுறீங்களா?”

ஹாலே குலுங்கிச் சிரித்தது.

சிரிப்பு அடங்கி அவள் தன் அறைக்குத் திரும்பியதும் அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். தாள்களை மேஜைமேல் வைத்தார்.

“நேத்து அழுதுட்டே கேட்டீங்களேம்மா, உங்க வீட்டுக்காரரைக் குடியை நிறுத்துற சென்டர்ல சேர்க்கணும்னு. ஆன்லைன்ல போட்டுட்டேன். ஆனா உங்க கையெழுத்து பேப்பர்லதான் வேணுமாம். ஈ காக்காவுக்குக்கூடத் தெரியக் கூடாதுன்னு சொன்னீங்க. அத்தனை பேர் முன்னால எப்படிச் சொல்றது?”

அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே போனவரிடம் யாரோ கேட்டார்கள். “என்ன சார், மேடம் செமத்தியா குடுத்தாங்களா?”

“கிழிச்சுத் தொங்க விட்டுட்டாங்கப்பா!” என்று அவர் சிரித்தது உள்ளே அவளுக்கும் கேட்டது.