ஒரு தொப்பிக்கு ஒரு நொடி

கொரியாவின் தேகு நகரச் சந்தையில் வைக்கோல் தொப்பிகள் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றிப் பளபளக்கும் பட்டை, பழைய சினிமாச் சுருள். இயக்குநர் பியோன் தெ-சிக் ஒரு தொப்பியை வெயிலுக்கு நேரே பிடிக்கிறார். நகமளவு கட்டங்களில், வேறு பிரதியே இல்லாத அவருடைய முதல் படத்தின் நாயகி, மகனைப் போருக்கு வழியனுப்பிவிட்டு வீட்டை நோக்கி நடக்கிறாள். ஒரு தொப்பிக்கு ஒரு நொடிப் படம்தான். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் பட்டை முடிந்துவிடுகிறது. அதைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கிறார். அதில் யாரோ குடித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். “எல்லாம் ஒரே அளவுதான் பெரியவரே. தலையில வெச்சுப் பாக்காம வானத்தைப் பாத்தா எப்படி?” என்கிறாள் கடைக்காரி. “கீழ வெச்சேனே, அந்தப் படத்துக்கு அடுத்த துண்டு எந்தத் தொப்பியிலம்மா இருக்கு?” “அதெல்லாம் யாரு பாத்தா? மினுக்குது, ஒட்டறோம்.” அவர் கீழே வைத்த தொப்பியை ஒரு விவசாயி மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போகிறான். அவனுடைய வியர்த்த கழுத்துக்கு மேலே, பட்டையில் அந்த நாயகி திரும்பாமலே நடக்கிறாள்.