ஐம்பத்தோராவது ஆள்

கஜேந்திரன் மூன்றாவது தடவையாகக் கடைக்கு வெளியே போய், சாக்கடைக் கானில் துப்பிவிட்டு வந்தார்.

"துப்புங்க அண்ணன். இவனுகள் செஞ்ச வேலைக்குத் துப்பத்தான் வேணும்" என்றான் ஜாபிர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவனுடையது போட்டோகொப்பிக் கடை. விண்ணப்பம், முறைப்பாடு எல்லாம் அடித்துக் கொடுப்பான்.

அனுப்புபவரின் தேயிலைத் தோட்ட விலாசத்தை முதலிலேயே அடித்திருந்தான். க. துஷாந்தினி, நாலாம் காம்பரா, ஒன்பதாம் லயம், மேற்பிரிவு.

கஜேந்திரனின் மகள் துஷாந்தினி தன் பெறுபேற்றுத் தாளை மேசையில் வைத்தாள். மாவட்ட நிலை ஐம்பத்தொன்று.

"போன வருஷம் பதுளையில இருந்து மெடிசினுக்கு அம்பது பேர எடுத்தாங்க" என்றான் ஜாபிர். "இந்த வருஷமும் அதே கணக்குண்டா, முன்னால நிக்கிற ஒருத்தன் போனாப் போதும்."

"அந்த ஒருத்தன் தயாபரன்தான், ஜாபிர் நானா."

தயாபரன் என்பது அவளுடைய வகுப்பு வருகை இடாப்பில் மூன்று வருடமாக இருந்த பெயர். பெயர் மட்டும்தான். வளர்ந்தது, படித்தது எல்லாம் கொழும்பில். பரீட்சை எழுத மட்டும் பதுளைக்கு வந்து போனான்.

"அவன் மூஞ்சிய நான் சரியாப் பாத்ததே பேனர்லதான். மாவட்டத்துல பத்தொம்பதாம் எடம், எங்கள் பெருமைன்னு ஸ்கூல் கேட்டுல கட்டி வச்சிருக்காங்க. தூ!"

"அவன்ட புள்ளிக்குக் கொழும்புல ஒண்டும் கெடைக்காது தங்கச்சி. நம்மட மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி கொறவு. அதுக்குத்தான் மூணு வருஷம் இங்க குடியிருந்ததாப் பதிஞ்சீக்கிறான்."

கஜேந்திரன் மகளின் தோளைத் தொட்டார். "வேணாம்மா. பெரிய எடத்துப் புள்ளைங்க. நம்மளால ஆகாது."

"எப்பவும் இதே பேச்சு. தொரைக்குப் பயம், கங்காணிக்குப் பயம். இப்ப இவனுக்குமா?" அவள் ஜாபிரிடம் திரும்பினாள். "நீங்க அடிங்க நானா. பயோ சார் மட்டும் மூணு வருஷமா ஒரு சதம் வாங்காம டியூஷன் சொல்லித் தரலன்னா, நான் இந்த நம்பரக்கூடப் பாத்திருக்க மாட்டேன்."

கஜேந்திரன் மறுபடியும் எழுந்து போய்த் துப்பினார். அவர் வாயில் வெற்றிலை இல்லை.

ஜாபிர் முறைப்பாட்டின் கடைசிப் பந்திக்கு வந்துவிட்டான். "அவன் குடுத்த பதுளை அட்ரஸப் போடோணும். அங்க அவன் இருக்கல்லண்டு காட்டினாத்தான் பேர வெட்டுவாங்க. தெரியுமா?"

"யாருக்குத் தெரியும்? எந்த எச்சக்கல நாயி அவனுக்குத் தன் வீட்டு அட்ரஸத் தூக்கிக் குடுத்துச்சோ!"

"அட்ரஸ் இல்லாட்டி இத ஒருத்தனும் பாக்க மாட்டான் தங்கச்சி."

அவள் தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கஜேந்திரன் வாசலிலிருந்து வந்து கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் நின்றார். மகள் பக்கம் பார்க்கவில்லை.

"ஒங்க பயோ சாரு ஒண்ணும் சும்மா சொல்லித் தரலம்மா" என்றார்.

பிறகு ஜாபிரிடம் சொன்னார்: "மேல அடிச்சு வச்சிருக்கீங்களே தம்பி, அதே அட்ரஸ்தான்."