போட்டோவில் வந்த நிறம்

"இந்த வெள்ளைப் பூ ஒண்டும் வேணாம். எல்லாத்தையும் சாக்குல போடு" என்று றுக்கியா மகளிடம் சொன்னதும், றைஸாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

பாலாவியிலிருந்து பள்ளிவாசல்துறைக்கு வந்து இறங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கலியாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். மேடைக்கு என்ன சோடனை, பெண்ணுக்கு என்ன சாரி, முக்காட்டை எப்படிக் குத்துவது என்று பேசி முடிவெடுக்கத்தான் றைஸாவை வரச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் மணப்பெண் ஜோடிக்க அவளை விட்டால் ஆளில்லை. போன வருஷம் றுக்கியாவின் மூத்த மகளையும் அவள்தான் ஜோடித்தாள். இப்போது இளையவள் முஃப்லிஹாவின் முறை.

அறை முழுக்கப் பூ. முஃப்லிஹாவும் கூட்டாளிமாரும் இரண்டு மாதமாக உட்கார்ந்து, மெல்லிய காகிதத்தை வெட்டி, ஒவ்வொரு இதழையும் பென்சிலில் சுருட்டி, கம்பியில் கட்டிச் செய்த முந்நூறு பூ.

"என்ன மாமி கதை இது? இவ்வளவு வடிவா செஞ்சிரிக்காங்க. ஏன் சாக்குல போடச் சொல்றீங்க?"

"வெள்ளைப் பூவுக்கு முன்னால இருத்தினா புள்ள இன்னும் கறுப்பாத் தெரியும் மகள். பின்னால கடுஞ்சிவப்புல துணிதான் கட்டணும்." றுக்கியா குரலைத் தாழ்த்தினாள். "மாப்புளட உம்மா நிஸ்மியா நேத்தும் கல்பிட்டில இருந்து போன்ல கோல் எடுத்தாங்க. கலியாணத்தண்டைக்குப் புள்ள நல்ல வெள்ளையா வரணுமாம். மொகத்துக்கு மட்டும் பூசினாப் போதாதாம். கழுத்து, கை, கால் எல்லாத்துக்கும் பூசச் சொன்னாங்க."

முஃப்லிஹா நிமிரவே இல்லை. பூக்களை அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பூ நசுங்கிப் போனது. அதை விரித்துச் சரிப்படுத்தப் பார்த்தாள். பிறகு அதையும் உள்ளே போட்டாள்.

றைஸா பாய்ந்து சாக்கைப் பறித்தாள்.

"வை கீழ! ஒரு பூ சாக்குக்குள்ள போகக்கூடாது. நிறத்துக்காக ஒரு பொம்புளைய அவட கலியாணத்துலயே ஒளிச்சு வெக்கிறதா? மாமி, நீங்க ஒரு வார்த்த திருப்பிக் கேக்கல்லயா?"

"எப்படிக் கேக்கிற? பொம்புளப் புள்ளய வெச்சிரிக்கிறவங்க நாங்க."

"இப்படி வாய மூடிட்டு இரிக்கிறதாலதான் அவங்க ஏறி மிதிக்கிறாங்க. போனத் தாங்க. நான் கேக்கிறன்."

"வேணாம் மகள், குழப்பிராதீங்க!"

றைஸாவை அக்கா முறை வைத்துக் கூப்பிடும் முஃப்லிஹா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ராத்தா, நீங்க கதைக்க வேணாம்."

"நீ சும்மா இரி. உனக்காகத்தான் கதைக்கப் போறன்."

றுக்கியாவின் கையிலிருந்த போனை வாங்கி, நேற்று வந்த நம்பரை அழுத்தினாள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் போட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், றுக்கியாவா?"

"வ அலைக்குமுஸ்ஸலாம். றுக்கியா மாமி இல்ல. நான் பொம்புள ஜோடிக்க வந்தவ. ஒண்டு கேக்கணும். நீங்க மருமகள் எடுக்கிறீங்களா, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறீங்களா?"

றுக்கியா வாயில் கையை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன கதைக்கிறீங்க?" என்றது போன்.

"கால் வரைக்கும் பூசச் சொன்னீங்களே, வெக்கமில்லையா? அல்லாஹ் குடுத்த நிறத்துல என்ன பிழை? உங்கட வாய்க்குப் பயந்து, ரெண்டு மாசம் கஷ்டப்பட்டு இந்தப் புள்ள செஞ்ச பூவெல்லாம் சாக்குக்குப் போகுது. அடுத்த நாள் காலையில அவ மொகம் கழுவுவாதானே? அப்ப உங்கட மகன் என்ன செய்வார்? திருப்பி அனுப்புவாரா?"

வாயை அடைத்துவிட்டோம் என்று றைஸா நினைத்தாள்.

"கதைச்சு முடிஞ்சா?" நிஸ்மியாவின் குரலிலும் இப்போது சூடு ஏறியிருந்தது. "இனி நான் சொல்றதக் கேளுங்க. நான் வெள்ளப் புள்ள தேடி அலைஞ்சவ இல்ல. கட்டார்ல இரிக்கிற எண்ட மகன் ஒரு போட்டோவப் பாத்துட்டு, கலியாணம் முடிச்சா இந்தப் புள்ளயத்தான் எண்டு நிண்டான். சொந்தக்காரங்க எல்லாருக்கும் அதை அனுப்பியும் வெச்சிட்டான். பொறகு நான் நேர்ல வந்து பாத்தா, போட்டோவுல இருந்த நிறம் இல்ல. ஆனா நல்ல புள்ள. எனக்குப் புடிச்சிச்சு. மகனுக்கும் சொன்னன். அதனால என்ன உம்மா எண்டான்."

"அப்ப ஏன் பூசச் சொன்னீங்க?"

"கலியாணத்துக்கு வாற சனத்துக்காக. 'போட்டோல ஒண்டக் காட்டி, நேர்ல ஒண்டத் தந்து ஏமாத்திட்டாங்க' எண்டு அந்தப் புள்ளட காதுபடக் கதைப்பாங்க. புதுசா வாற புள்ள அதைக் கேக்கணுமா? அந்த ஒரு நாளைக்கு எண்டுதான் சொன்னன்."

றைஸாவின் கோபம் இப்போது வேறு ஆளைத் தேடியது.

"அப்படி ஒரு பொய்ப் போட்டோவ உங்களுக்கு அனுப்பினது யாரு? அந்த ஆளச் செருப்பால அடிக்கணும்!"

முஃப்லிஹா முகத்தை மூடிக்கொண்டாள்.

"யாரும் அனுப்பல்ல. பேஸ்புக்லதான் கிடந்தது. போன வருஷம் அவட ராத்தாட கலியாணத்துல, ராத்தாக்குப் பக்கத்துல நிண்டு எடுத்த போட்டோ. ரெண்டு பேரையும் பளபளண்டு நிறத்தக் கூட்டிப் போட்டிரிக்காங்க. மூலையில 'றைஸா மணமகள் அலங்காரம், பாலாவி' எண்டு பேரும் இரிக்கி. நீங்களும் ஜோடிக்கிறவதானே, அந்தப் பொம்புளய உங்களுக்குத் தெரியுமா?"