கிருமிகளைக் கொன்றது யார்?

"மறுபடியும் எல்லாம் செத்துப்போச்சு!"

தொட்டியடியிலிருந்து கத்திக்கொண்டே வந்தார், குடியிருப்பின் என்ஜினியர். செத்தது கிருமிகள். கழிவுநீரைச் சுத்தம் செய்வதற்காகத் தொட்டிக்குள் கம்பி இறக்கி, லேசாகக் கரண்ட் கொடுத்து, அழுக்கைத் தின்னவைத்து, அவற்றைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தார். யாரோ ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துவிட்டுக் கொன்றுவிடுகிறார்கள்.

வெளுத்துப்போன நீலச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வீடு வீடாகப் போய்க் கழிப்பறைகளை முகர்ந்து பார்த்தார்.

தரைத்தள வீட்டில் ஓர் இளம் தாயின் முன்னால் ஒரு வாளி நிறைய குழந்தைத் துணி.

"இதுல என்ன கலந்தீங்க?"

"வெறும் சோப்புத்தண்ணி சார். கைக்குழந்தை துணியில போய் ப்ளீச்சிங் போடுவாங்களா?"

"மாட்டினவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. காலையில உங்க வீட்டுச் சாக்கடைக் குழாயை அடைச்சிடுவேன்."

"பச்சக்குழந்தையை வெச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்ணுவேன்?" அவள் கண் கலங்கிவிட்டது.

"கோடிக்கணக்கான உசுரும்மா! அதுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?"

வேடிக்கை பார்த்த அக்கம்பக்கத்தார் நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். அடைபடப் போவது அவர்கள் குழாய் இல்லையே.

என்ஜினியர் மாடியேறித் தன் வீட்டுக்குப் போனார். மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"எதையும் தொடாதீங்க. நேரா பாத்ரூமுக்குப் போய்க் குளிங்க. சட்டையை அந்த வாளியில போடுங்க."

வாளியிலிருந்து வந்த நெடி மூக்கைத் துளைத்தது.

"என்னது இது?"

"ப்ளீச்சிங்தான். நீங்க தொட்டியில கை விட்டுட்டு வர்ற அன்னிக்கெல்லாம் இதுலதானே ஊறப்போடறேன்? நீலச் சட்டை பின்ன எப்படி வெளுத்துச்சாம்? இன்னிக்கு ஊர் கக்கூஸை எல்லாம் வேற மோந்துட்டு வர்றீங்க. அதான் பாக்கெட்டையே கொட்டிட்டேன்."

என்ஜினியர் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே குழந்தை வீறிட்டு அழுதது.

"தண்ணியைக் கீழ விட்டுடாதே" என்றார்.

"சரி. அந்தக் கீழ் வீட்டுப் பொண்ணு ஏங்க அழுதுச்சு? ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"முதல்ல அந்த ஜன்னலைச் சாத்து. நெடி கீழ் வீட்டுக்குப் போயிடப் போகுது."